போனில் இருந்த பெரிய டாக்டர்

மருத்துவர் உருவாகும் கதை – 6

சென்ற வாரம் அறுவை சிகிச்சை நிபுணர் ஹால்ஸ்டெட்டைப் பார்த்தோம். 1889-ல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தது. அங்கே அவர் வகுத்த ரெசிடென்சி முறையில் இளம் டாக்டர்கள் மருத்துவமனையிலேயே தங்கி, இரவு பகல் பாராமல் வேலை செய்துதான் தொழில் கற்றார்கள். கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் அமெரிக்காவில் இதை யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. கேட்க வைத்தது ஒரு பெண்ணின் மரணம்.

1984 மார்ச் 4, இரவு. 18 வயது கல்லூரி மாணவி லிபி சயனைக் காய்ச்சலோடு நியூயார்க் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். உடம்பு நடுங்கியது, நிலைகொள்ளாமல் புரண்டார். வார்டில் அவரைப் பார்த்தவர்கள் முதலாண்டுப் பயிற்சி டாக்டர் ஒருவரும், அவரைவிடச் சற்றே மூத்த ரெசிடென்ட் ஒருவரும். பொறுப்பான பெரிய டாக்டரிடம் போனில் பேசினார்கள். அவர் சரி என்றார். நடுக்கத்துக்கு பெத்திடின் ஊசி போட்டார்கள். லிபி ஏற்கெனவே மனச்சோர்வுக்கு ஃபீனெல்சின் மாத்திரை எடுத்துவந்தார். இரண்டும் சேரக் கூடாத மருந்துகள். ஆனால் அந்த ஆபத்து அன்று டாக்டர்களிடையே பரவலாகத் தெரிந்திருக்கவில்லை.

ரெசிடென்ட் தூங்கப் போனார். பயிற்சி டாக்டருக்குப் பார்க்க வேறு நோயாளிகள் ஏராளம். லிபியின் பதற்றம் அதிகமாகிறது என்று நர்ஸ் சொன்னபோது, கை கால்களைக் கட்டச் சொல்லிப் பயிற்சி டாக்டர் போனிலேயே உத்தரவிட்டார். விடியும்போது காய்ச்சல் 107 டிகிரி. காலையில் லிபி இறந்தார்.

லிபியின் தந்தை சிட்னி சயன் பத்திரிகையாளர், வழக்கறிஞராகவும் இருந்தவர். அவர் விடவில்லை. வழக்கை ஆராய்ந்த கிராண்ட் ஜூரி டாக்டர்கள்மீது கிரிமினல் குற்றம் சாட்டவில்லை. பயிற்சி முறையைத்தான் கண்டித்தது. அதை ஆராய டாக்டர் பெர்ட்ரண்ட் பெல் தலைமையில் குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 1989-ல் நியூயார்க் மாநிலம் விதி கொண்டுவந்தது: வாரத்துக்கு 80 மணி நேரம், தொடர்ந்தாற்போல் 24 மணி நேரம், அதற்குமேல் ரெசிடென்ட்டை வேலை வாங்கக் கூடாது. 2003-ல் 80 மணி நேர வரம்பு நாடு முழுவதற்கும் வந்தது.

பெல் குழு இன்னொன்றும் சொல்லியிருந்தது. அனுபவமுள்ள டாக்டர் எந்நேரமும் மருத்துவமனையிலேயே இருந்து இளையவர்களை மேற்பார்க்க வேண்டும். அதுதான் முக்கியம் என்று பெல் பிற்பாடும் வலியுறுத்தினார். ஆனால் எல்லோரும் பிடித்துக்கொண்டது மணிக்கணக்கை. கடிகாரத்தைப் பார்த்து எண்ணிவிடலாம்; மேற்பார்வையை அப்படி எண்ண முடியாதே!

2011-ல் முதலாண்டுப் பயிற்சியாளர்களுக்குத் தொடர்பணி வரம்பு 16 மணி நேரமானது. 2017-ல் மீண்டும் 24 ஆனது. இடையில், 2016-ல், 117 அறுவை சிகிச்சைப் பயிற்சித் திட்டங்களில் நடந்த ஆய்வு வெளியானது. கண்டிப்பான பணிநேர விதிகள் உள்ள இடத்திலும் தளர்த்திய இடத்திலும் நோயாளிகளின் மரணம், கடுமையான சிக்கல்கள் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

தூக்கம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. சோர்ந்த மூளை தவறு செய்யும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்த பயிற்சி டாக்டரும் தான் பார்த்திராத நோயை அடையாளம் காணத் தடுமாறுவார். “வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? காய்ச்சல் ஏறுகிறதே, ஏன்?” என்று படுக்கையருகே நின்று கேட்க ஒருவர் வேண்டும். அந்தக் கேள்விகளைக் கேட்டுக் கேட்டுத்தான் இளையவர், பிறகு தாமே கேட்கப் பழகுகிறார். வேலையில் கற்பது என்பது இதுதான். ஆள் இல்லாத வார்டில் எத்தனை மணி நேரம் நின்றாலும் இது வராது.

பணிநேரம் குறைந்ததும் புதுச் சிக்கல் ஒன்று முளைத்தது. ஒரே நோயாளி ஒரு நாளில் பல கைகள் மாறினார். டியூட்டி முடித்துப் போகிறவர், வருகிறவரிடம் என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்ல மறக்கிறார்? அடுத்த வாரம் அந்தச் சில நிமிடங்களைப் பார்ப்போம்.

(தொடரும்)