உங்களுக்குத் தெரியுமா? ஆபீஸ் மெயில் 'கனெக்ட்' ஆகாவிட்டால்...

● பாஸ்வேர்டில் கை வைக்கும் முன் பக்கத்து சீட்டில் கேளுங்கள்: "உங்களுக்கு மெயில் வருதா?" அவருக்கும் வரவில்லை என்றால் கோளாறு உங்கள் சிஸ்டத்தில் இல்லை. நெட் போயிருக்கலாம், சர்வர் படுத்திருக்கலாம், கம்பெனி டொமைனைப் புதுப்பிக்க யாரோ மறந்திருக்கலாம். டொமைன் காலாவதியானால் ஆபீஸ் முழுவதற்கும் ஒரே நாளில் மெயில் நின்றுபோகும்.

● மெயில் வருகிற வழி வேறு, போகிற வழி வேறு. எடுத்துவருவது ஐமேப் அல்லது பாப்3, கொண்டுபோவது எஸ்எம்டிபி. வருகிறது, ஆனால் போகமாட்டேன் என்கிறதா? அப்படியானால் நெட் நன்றாகத்தான் இருக்கிறது. 'அவுட்கோயிங் சர்வர்' பகுதியை மட்டும் பாருங்கள்.

● அங்கே போர்ட் எண் 25 என்று இருந்தால் அநேகமாக அதுதான் காரணம். வைரஸ் புகுந்த கணினிகள் அந்த வழியாகக் குப்பை மெயிலைக் கொட்டியதால், பல இன்டர்நெட் நிறுவனங்கள் வாடிக்கையாளர்களுக்கு 25-ஐ அடைத்துவிட்டன. ஆபீஸில் போகும் மெயில் வீட்டு வைஃபையில் போகாமல் இருப்பதற்கும் இதுவே காரணமாகலாம். இன்று அனுப்புவதற்கு 587 அல்லது 465. பெறுவதற்கு ஐமேப் என்றால் 993, பாப்3 என்றால் 995.

● எங்கள் ஆபீஸின் பழைய டெஸ்க்டாப் ஒரு திங்கட்கிழமை காலை 'சான்றிதழ் செல்லாது' என்று சொல்லி நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் பாஸ்வேர்டையே திரும்பத் திரும்ப அடித்தோம். வந்த சர்வீஸ் தம்பி விசைப்பலகையைத் தொடவே இல்லை; திரையின் வலது கீழ் மூலையில் விரலை வைத்தார். தேதி: 1.1.2009. சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2009-இல் நிற்கும் கணினிக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ்! மதர்போர்டில் 'சிஆர்2032' என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி ஒன்று இருக்கும். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துபோயிருந்தது, சனிக்கிழமை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருந்தோம். தேதியைத் திருத்திய மறுநிமிடமே மெயில்கள் வந்து விழுந்தன.

● பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே விடாத சர்வர்கள் உண்டு. வெறும் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழையும் பழைய முறையை ஜிமெயில் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்தியது. மைக்ரோசாஃப்டும் நிறுவன மெயில்களில் அதே ஆண்டு அக்டோபரில் அந்த முறையை மூடத் தொடங்கியது. பழைய செயலி வைத்திருந்தால் புதுப்பியுங்கள். ஜிமெயிலில் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டவர்கள், அந்தச் செயலிக்கென்று 16 எழுத்துத் தனி பாஸ்வேர்டு எடுத்துக்கொள்ளலாம்.

● பாஸ்வேர்டை மாற்றிய பிறகு கணக்கு அடிக்கடி 'லாக்' ஆகிறதா? வீட்டு மேஜை இழுப்பறையில் கிடக்கும் பழைய ஃபோனையும், ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் ஜெராக்ஸ் மெஷினையும் பாருங்கள். பழைய பாஸ்வேர்டோடு அவை இன்னும் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

● பிழைச் செய்தியில் உள்ள மூன்று இலக்க எண்ணைக் கட்டாயம் குறித்துவையுங்கள். 4-இல் தொடங்கினால் தற்காலிகம், காத்திருந்தால் சரியாகலாம். 5-இல் தொடங்கினால் ஏதாவது மாற்றினால்தான் நடக்கும். 535 என்றால் லாகின் ஏற்கப்படவில்லை என்று பொருள்.

● 800 கிலோமீட்டருக்கு மேல் மெயில் போகாத சர்வர் ஒன்று இருந்தது. 1990-களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்ததாக, அதை நிர்வகித்த ட்ரே ஹாரிஸ் 2002-இல் எழுதினார். புள்ளியியல் துறைத் தலைவர் புகார் சொன்னபோது ஹாரிஸே நம்பவில்லை. சோதித்தால் நியூயார்க் வரை போகிறது. அதைத் தாண்டிய பிராவிடன்ஸுக்குப் போகவில்லை! யாரோ இயங்குதளத்தைப் புதுப்பித்தபோது மெயில் மென்பொருள் பழைய பதிப்புக்குத் திரும்பியிருந்தது. புதிய அமைப்புக் கோப்பு அதற்குப் புரியவில்லை. பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் பூஜ்யமாகிவிட்டது. நடைமுறையில் சுமார் 3 மில்லி விநாடியில் இணைப்பைக் கைவிட்டது. அதற்குள் ஒளி போகும் தூரமே ஏறத்தாழ 900 கிலோமீட்டர்; அதைவிடத் தொலைவில் உள்ள சர்வரை எட்டவே நேரம் போதாது. எந்தப் புகாரையும் "அப்படி நடக்காது சார்" என்று தள்ளக்கூடாது என்பதற்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

● உங்கள் சர்வர் ஒரு நாள் முழுக்கப் படுத்திருந்தாலும் பதறாதீர்கள். மெயில் விதிமுறைப்படி அனுப்பும் சர்வர்கள் பொதுவாக 4, 5 நாள் வரை மீண்டும் மீண்டும் முயலவேண்டும்.

● "கணக்கை அழித்துவிட்டு மறுபடி சேருங்கள்" என்று யாராவது சொன்னால் நிறுத்துங்கள். பாப்3 கணக்கில் 'சர்வரில் ஒரு பிரதி வை' என்ற டிக் இல்லையென்றால், இறங்கிய மெயில் சர்வரில் இருக்காது; அத்தனை வருட மெயிலும் உங்கள் ஹார்ட் டிஸ்கில் மட்டும்தான். அவுட்லுக்கில் அது 'பிஎஸ்டி' கோப்பு. முதலில் அதற்கு ஒரு காப்பி, பிறகு கணக்கு.