நத்தைக்குள் எத்தனை புழுக்கள்?

எலிகளின் நுரையீரல் தமனியில் வாழும் ஒரு புழு, மனிதருக்குள் புகுந்தால் மூளையைத் தாக்குகிறது. ‘எலி நுரையீரல் புழு’ எனப்படும் ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் கான்டோனென்சிஸ்தான் அது. எலியின் கழிவில் வெளியேறும் இளம்புழுக்கள், நத்தைகள், ஓடற்ற நத்தைகள் ஆகியவற்றின் உடலில் நோய்தரும் நிலைக்கு வளர்கின்றன. சரியாகக் கழுவாத கீரையோடு ஒரு குட்டி நத்தை வயிற்றுக்குள் போனாலும் மூளையுறை அழற்சி வரக்கூடும். ஹவாய்த் தீவுகளில் இது நெடுநாள் கவலை. கேரளத்திலும் இந்நோய் பதிவாகியிருக்கிறது.

நத்தையில் புழு இருப்பதை அறியப் பழைய வழி ஒன்று உண்டு. தசையை நறுக்கி, பெப்சினும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலில் செரிக்கவைத்து, வெளிவரும் இளம்புழுக்களை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். செலவு குறைவு. ஆனால், அதே நத்தையில் வேறு இனப் புழுக்களும் இருக்கலாம். உருவத்தைக் கொண்டு இனம் பிரிப்பது கடினம்.

2010இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மைய ஆய்வாளர்கள், இந்தப் புழுவுக்கே உரிய ‘ஐடிஎஸ்1’ மரபணுப் பகுதியைத் தேடும் நிகழ்நேர பிசிஆர் சோதனையை வெளியிட்டனர். கோவிட் காலத்தில் நாம் கேட்டுப் பழகிய அதே ‘சிடி மதிப்பு’தான் இங்கும் அளவுகோல். ஒவ்வொரு சுழற்சியிலும் டிஎன்ஏ ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆகவே, ஒரு மாதிரி 3.3 சுழற்சி முன்னதாக ஒளிர்ந்தால் அதில் பத்து மடங்கு டிஎன்ஏ இருந்ததாகப் பொருள்.

டிஎன்ஏ அளவைப் புழு எண்ணிக்கையாக மாற்றுவதில்தான் சிக்கல். ஐடிஎஸ்1 ஒரு செல்லிலேயே பல பிரதிகளாக இருக்கிறது. வளர்நிலைக்கேற்பப் புழுவின் செல்களும் கூடும், குறையும். செத்த புழுவின் டிஎன்ஏவும் கணக்கில் சேரும். சோதிப்பதோ சிறு தசைத்துண்டு; புழுக்கள் உடலெங்கும் சமமாகப் பரவியிருப்பதில்லை. போதாக்குறைக்கு, நத்தையின் கோழையே பிசிஆர் வினையைத் தடுத்து, தொற்றுள்ள நத்தையையும் ‘இல்லை’ என்று காட்டிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் மூலக்கூறு முறையின் பக்கமே நிற்கிறேன். ‘இத்தனை விழுக்காடு நத்தைகளில் தொற்று’ என்னும் ஒற்றை வரி, பத்துப் புழு சுமக்கும் நத்தையையும் ஆயிரக்கணக்கில் சுமக்கும் நத்தையையும் ஒன்றாக்கிவிடுகிறது. கீரையை உண்பவருக்கு அவ்விரண்டும் ஒன்றல்ல. எனவே, எண்ணிக்கை தெரிந்த இளம்புழுக்களை நத்தைத் தசையில் கலந்து அளவுகோலைச் சரிபார்ப்பதும், சில மாதிரிகளை அமிலக் கரைசலிலும் ஒப்பிடுவதும் ஆய்வகங்களின் வழக்கமாக வேண்டும்.