எலுமிச்சை கமிஷன் கடை கணக்கை வெப் அப்ளிகேஷனாக மாற்றுவது எப்படி? புதிதாக கற்போருக்கு எளிய வழிமுறை

புளியங்குடி,

எலுமிச்சைக்கு பெயர் பெற்ற ஊர் புளியங்குடி. இந்த எலுமிச்சைக்கு 2025-ம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. கமிஷன் கடைகளின் சிட்டை, பேரேடு கணக்கையே பாடமாக வைத்து ஒரு எண்டர்பிரைஸ் வெப் அப்ளிகேஷனை உருவாக்கி இயங்க வைக்க கம்ப்யூட்டர் படித்த இளைஞர்கள் பழகிக் கொள்ளலாம். அதுபற்றிய விவரம் வருமாறு:-

பக்கத்திலேயே முன்மாதிரி

சாப்ட்வேர் வேலை என்றாலே சென்னை, பெங்களூரு பஸ் ஏற வேண்டும் என்ற நினைப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் ஸ்ரீதர் வேம்பு தொடங்கிய ஜோஹோ நிறுவனம் தென்காசி அருகே மத்தளம்பாறை கிராமத்தில் 2011-ம் ஆண்டிலேயே அலுவலகம் திறந்தது. வாடிக்கையாளர் புகார்களை கையாளும் 'ஜோஹோ டெஸ்க்' என்ற சாப்ட்வேர் அங்குதான் உருவானது. உலகம் முழுக்க உள்ள நிறுவனங்கள் அதை வாங்குகின்றன.

என்ன வேலை இது?

எண்டர்பிரைஸ் அப்ளிகேஷன் என்றதும் மிரள வேண்டியதில்லை. ஒரு தொழிலில் பல பேர் ஒரே கணக்கை, அவரவருக்கு உள்ள அதிகாரப்படி பார்க்கவும் எழுதவும் உதவும் புரோகிராம், அவ்வளவுதான். எடை போடுபவர் எடையை மட்டும் பதியலாம், விலையை தொட முடியாது. கணக்குப்பிள்ளை விலை போடலாம். விவசாயி வீட்டில் இருந்தே செல்போனில் தன் கணக்கை மட்டும் பார்க்கலாம்.

இதில் 3 அடுக்குகள் உண்டு. கண்ணுக்கு தெரியும் பக்கம் பிரவுசரில் இருக்கும். கணக்கு போடும் புரோகிராம் சர்வரில் ஓடும். எழுதியதை எல்லாம் டேட்டாபேஸ் பத்திரமாக வைத்திருக்கும். நடு அடுக்குக்கு ஜாவா, கடைசி அடுக்குக்கு மைஎஸ்கியூஎல் அல்லது போஸ்ட்கிரஸ் போதும். எல்லாமே இலவசமாக கிடைக்கின்றன.

முதலில் பேப்பரும் பேனாவும்

கீபோர்டை தொடுவதற்கு முன் பேப்பரில் 4 அட்டவணை போடுங்கள். விவசாயி, சரக்கு வரவு, விற்பனை, பணப் பட்டுவாடா. ஊரில் ஒரே பெயரில் பத்து பேர் இருப்பார்கள். அதனால் ஒவ்வொரு விவசாயிக்கும் தனி எண் அவசியம்.

உதாரணத்துக்கு 40 கிலோ எலுமிச்சை, கிலோ ரூ.60 என்று விற்றால் ரூ.2,400. கமிஷன் 10 சதவீதம் என்று வைத்தால் ரூ.240, இறக்குக்கூலி ரூ.20. இது போக விவசாயிக்கு ரூ.2,140 சேர வேண்டும். இந்த 10 சதவீதத்தை புரோகிராமுக்குள் நிரந்தரமாக எழுதி விடக்கூடாது. ஏன்னா, நாளைக்கு கமிஷன் மாறினால் பழைய கணக்கும் சேர்ந்து மாறி விடும். ஒவ்வொரு விற்பனையோடும் அன்றைய சதவீதத்தை தனியாக பதிய வேண்டும். ரூபாய்க்கு 'புளோட்' வகையை பயன்படுத்தினால் பைசா இடிக்கும். 'டெசிமல்' வகைதான் சரி.

நடுவில் கரண்ட் போனால்?

முக்கியமான இடம் இதுதான். விற்பனை பதிவாகி விட்டது, விவசாயி கணக்கில் வரவு வைப்பதற்குள் கரண்ட் போய் விட்டது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு போயாச்சு, பணம் எங்கே? "அண்ணாச்சி, என் கணக்குல ஏறவே இல்லையே" என்று விவசாயி வந்து நிற்பார்.

இதைத் தடுப்பதுதான் 'டிரான்சாக்ஷன்'. எழுதினால் ரெண்டையும் எழுதணும், இல்லாட்டி ரெண்டுமே எழுதக்கூடாது. முடிந்தால் 'கமிட்', பாதியில் நின்றால் 'ரோல்பேக்'. அழகான பக்கம் பிறகு செய்து கொள்ளலாம். இது இல்லாத கணக்கு புரோகிராமை கடையில் வைக்கவே கூடாது.

இயங்க வைப்பது எப்படி?

உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுவது உங்களுக்கு மட்டுமே தெரியும். மற்றவர்களும் பார்க்கும்படி சர்வரில் ஏற்றுவதுதான் 'டிப்ளாய்மெண்ட்'. புரோகிராமை 'வார்' பைலாக கட்டி, டாம்கேட் சர்வரின் 'வெப்ஆப்ஸ்' போல்டரில் போட்டால் அதுவே பிரித்து இயக்கிக்கொள்ளும். வழக்கமாக 8080 என்ற போர்ட்டில் பக்கம் திறக்கும்.

இங்கே பலரும் மாட்டிக்கொள்ளும் ஒரு சிக்கல் உண்டு. ஜாவா இ.இ. தொழில்நுட்பத்தை ஆரக்கிள் நிறுவனம் 2017-ல் எக்லிப்ஸ் அமைப்பிடம் ஒப்படைத்தது. 2018-ல் அதன் பெயர் ஜகார்த்தா இ.இ. என மாறியது. அதனால் பழைய புத்தகத்தைப் பார்த்து 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கும் வரிகளை எழுதினால் டாம்கேட் 10-ல் ஓடாது. ஒன்று வரிகளை மாற்றுங்கள், அல்லது டாம்கேட் 9-ல் ஓட்டுங்கள்.

வீட்டு கம்ப்யூட்டரில் சரியாக ஓடிய பிறகு மாத வாடகைக்கு ஒரு கிளவுட் சர்வர் எடுக்கலாம். எச்.டி.டி.பி.எஸ். பாதுகாப்பு சான்றிதழை 'லெட்ஸ் என்கிரிப்ட்' இலவசமாகவே தருகிறது. டேட்டாபேசை நேரடியாக இண்டர்நெட்டுக்கு திறந்து விடாதீர்கள். பாஸ்வேர்டை புரோகிராமுக்குள் எழுதி வைக்காதீர்கள்.

தினமும் இரவு கணக்கை பேக்கப் எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும். எடுத்ததோடு விட்டு விடாமல், மாதம் ஒருமுறை அதை திரும்ப ஏற்றி, கணக்கு சரியாக வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சிட்டையை தூக்கிப் போடாதீங்க

முதல் ஒரு மாதம் சிட்டையும் எழுதுங்கள், கம்ப்யூட்டரிலும் பதியுங்கள். சாயங்காலம் கடை மூடும்போது ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் வந்தால் அன்றைக்கே காரணத்தை கண்டுபிடித்து விட வேண்டும். ஒரு மாதம் முழுக்க ஒரு பைசா கூட மாறாமல் வந்த பிறகு, சிட்டையை நிறுத்துவது பற்றி யோசிக்கலாம்.