உயரத்தைப் பார்க்காதீர்கள், கண்ணைப் பாருங்கள்!

மாலை ஐந்து மணிக்குத் தோட்டத் திடல் ஓரமாகச் சற்று நின்று பாருங்கள். ஈஜோக்காக இருக்கட்டும், புக்கிட் ரோத்தானாக இருக்கட்டும், 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியும் நம் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தையாகவே இருக்கிற ஊராக இருக்கட்டும். பையன்கள் ஆடும் பந்தைவிட, வேடிக்கை பார்க்கிறவர்களின் பேச்சுதான் சுவையாக இருக்கும்.

"அந்த நெட்டைப் பையனப் பாருங்கண்ணே, மாநிலத்துக்கே ஆடுவான்!" என்பார் ஒருவர்.

"நெட்டையா இருந்து என்னப்பா? பந்து கிட்ட வந்தா கண்ண மூடிக்கிறானே!" என்பார் இன்னொருவர்.

என் ஓட்டு இரண்டாமவருக்குத்தான்.

பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதாகும்போது தேர்வுகள் வருகின்றன. பள்ளிக் குழு, மாவட்டக் குழு, மாநிலக் குழு என்று படிப்படியாகப் போகலாம். பஹாங் கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி காற்பந்துப் பயிற்சிக் கழகம், 1996-இல் தொடங்கிய புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி ஆகிய இடங்களில் தங்கிப் படித்துக்கொண்டே ஆடவும் வழி உண்டு. ஆனால் தேர்வு நாளில் ஏராளமான பையன்களைச் சில மணி நேரத்தில் பார்த்து முடிக்க வேண்டும். அவசரத்தில் கண்ணுக்கு எது முதலில் தெரியும்? உயரம், வேகம், முரட்டு உதை. பாதிப் பையன்களின் தலையெழுத்து இதிலேயே முடிந்துவிடுகிறது.

உயரத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வயதுப் பிரிவை ஆண்டுக் கணக்கில்தான் பிரிக்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்பார்கள். அந்த வயதில் பதினோரு மாதம் என்பது சின்ன விஷயமா? ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், மற்றவன் அம்மா முந்தானையைப் பிடிக்கிறவன் மாதிரி இருப்பான். கனடாவில் பனிக்கட்டி ஹாக்கிக்குத் தேர்வான பிள்ளைகளை 1980களில் ஆராய்ந்தவர்கள், ஆண்டுத் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். பிறகு பல நாடுகளின் காற்பந்திலும் அதே கதைதான். திறமைக்கு மாதம் ஏது? வளர்ச்சியைப் பார்த்துத் திறமை என்று எண்ணிவிடுகிறார்கள்.

பணம் கொட்டிக் கிடக்கும் அமெரிக்காவிலும் இந்தத் தவறு நடக்கிறது. அவர்களும் 'ஃபுட்பால்' என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் பந்தைக் கையில் பிடித்து வீசுகிற வேறு ஆட்டம் அது. அதில் 'குவார்ட்டர்பேக்' என்பவன்தான் குழுவுக்கு மூளை. எதிரிகள் நாலு பக்கமும் பாய்ந்து வரும்போது, யாருக்குப் பந்தை வீசுவது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவெடுக்க வேண்டும். ஆண்டுதோறும் கல்லூரி மாணவர்களை அளந்து, நிறுத்து, நாற்பது கஜம் ஓடவிட்டு, தொழில்முறைக் குழுக்கள் வரிசை முறையில் பொறுக்கிக்கொள்கின்றன. 2000-ஆம் ஆண்டு டாம் பிரேடி என்ற இளைஞர் அந்த ஓட்டத்துக்கு 5.28 விநாடி எடுத்தார். ஆமை வேகம் என்று சிரிக்காத குறைதான். 198 பேரை எடுத்த பிறகு, 199-ஆவது ஆளாக அவரை எடுத்தார்கள். அவர் ஏழு முறை பட்டம் வென்றார்! 2007-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜமார்கஸ் ரஸ்ஸல், நெடிய உடலும் பீரங்கி போன்ற கையும் உள்ளவர். 2010-இல் அவருடைய குழுவே அவரை அனுப்பிவிட்டது. அளவுகோலும் கடிகாரமும் காலையும் கையையும் அளந்தன, தலைக்குள் இருப்பதை அளக்கவில்லை.

நம் ஆட்டத்தில் அதுபோல எல்லாப் பழியையும் தனியாகச் சுமக்கிறவன் கோல் காவலன். 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தை மறக்க முடியுமா? நீண்ட கைகளால் அந்தப் பெயர் வந்தது. 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றபோது நம் கோல் காவலர் அவர்தான். அரசியல் காரணத்தால் குழு மாஸ்கோவுக்குப் போகவில்லை. 1988 டிசம்பரில் கார் விபத்தில் அவரையும் இழந்தோம். அந்தக் கைகளைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். ஆனால் நீண்ட கை உள்ளவர் எத்தனையோ பேர் இருக்கிறார்களே! பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே அறிந்து அங்கே நிற்காவிட்டால், கை எவ்வளவு நீளமாக இருந்து என்ன பயன்?

ஆகவே, அடுத்த முறை திடலுக்குப் போகும்போது உங்கள் பையனின் காலை விட்டுவிட்டுக் கண்ணைக் கவனியுங்கள். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறானா? பார்த்தால், அடுத்து என்ன செய்வது என்று முன்பே யோசிக்கிறான் என்று பொருள். பந்தை இழந்ததும் இடுப்பில் கைவைத்து நிற்கிறானா, துரத்துகிறானா? மழை பெய்து திடல் சேறானால் அவன் ஆட்டமும் சேறாகிறதா? கோல் காவலனாக இருந்தால், பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது அவன் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். கோல் வாங்கிய அடுத்த ஐந்து நிமிடத்தை முக்கியமாகப் பாருங்கள்.

ஒரு தோல்வியில் பிள்ளையை ஒதுக்கிவிடவும் கூடாது. 2010-இல் நம் கே. ராஜகோபால், தென்கிழக்காசியக் கிண்ணப் போட்டிக்கு இளைஞர்களை அதிகமாகச் சேர்த்த குழுவை அழைத்துப் போனார். முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 1-5 என்று அடி. அதே மாதம் இறுதியாட்டத்தில், இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 4-2 என்று அதே இந்தோனேசியாவை வீழ்த்திக் கிண்ணத்தோடு திரும்பினார்கள்.

தேர்வு நாள் பெரும்பாலும் வேலை நாளாகத்தான் வந்து தொலைக்கும். ஒரு நாள் சம்பளம் போகும், பேருந்துச் செலவு வேறு. அப்பாவால் முடியாவிட்டால் மாமாவோ, சித்தப்பாவோ கூடப் போகட்டும், பையனைத் தனியாக அனுப்ப வேண்டாம். காலையில் வயிற்றுக்கு ஏதாவது கொடுத்து அனுப்புங்கள். பிறப்புப் பத்திர நகலை மறக்காதீர்கள். பையன் ஆண்டுக் கடைசியில் பிறந்தவனாக இருந்தால், பயிற்சியாளரிடம் கூச்சப்படாமல் போய், "ஐயா, இவன் டிசம்பர் மாதத்துப் பிள்ளை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.