செம்மண்ணில் ஒரு வாக்குறுதி

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் டீக்கடையில் என்னை மடக்கினார்.

"சார், கல்யாணப் பத்திரிகையில போட அந்தச் செம்மண் பாட்டு வேணும். 'இருவர்' படப் பாட்டுலகூட கொஞ்சம் வருமே..."

1997-ல் வந்த 'நறுமுகையே' பாட்டைச் சொல்கிறார். மூலம், குறுந்தொகையின் 40-வது பாடல். ஐந்தே வரி, மொத்தம் 19 சீர். எழுதியவரின் சொந்தப் பெயர்கூடத் தெரியாது. அவர் சொன்ன உவமையையே பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்று வைத்துவிட்டார்கள்!

முதல் மூன்று வரிகளும் கேள்விகள். என் அம்மாவும் உன் அம்மாவும் ஒருவருக்கொருவர் யார்? அப்பாக்கள் என்ன முறையில் சொந்தம்? நானும் நீயும் எப்படி அறிமுகமானோம்? பெண் பார்க்கப் போன இடத்தில் பெரியவர்கள் துருவுகிற அதே கேள்விகள். காதலன் ஒன்றுக்கும் பதில் சொல்வதில்லை. கேட்டுவிட்டு, தாண்டிப் போய்விடுகிறான்.

நான்காவது வரிதான் விசேஷம். மற்ற வரிகளில் நான்கு சீர். இதில் மட்டும் மூன்று. நேரிசை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்தின வரி இப்படிக் குறைய வேண்டும் என்பது இலக்கணம். கவிஞர் அந்தக் குட்டை வரியில் கொண்டுபோய் உவமையை உட்கார வைக்கிறார். செம்மண் நிலத்தில் பெய்த மழைத்தண்ணீர். அவ்வளவுதான். படிக்கிறவனுக்கு ஒரு கணம் மூச்சு நிற்கிறது. அதற்கப்புறம்தான் நெஞ்சங்கள் கலந்த சேதி. விழுந்த பிறகு எது மழை, எது மண் என்று பிரித்துக் காட்டுங்கள் பார்க்கலாம்.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இது குஷியில் பாடிய பாட்டு இல்லை. பாட்டோடு வரும் பழைய துறைக்குறிப்பைப் படியுங்கள். கூடிய பிறகு, இவன் விட்டுவிட்டுப் போய்விடுவானோ என்று அவள் பயப்படுகிறாள். வாய் திறந்து கேட்கவில்லை. முகம் மாறியதைப் பார்த்து அவன் சொல்லும் பதில் இது. அதனால்தான் கண், கூந்தல் என்று ஒரு வர்ணனையும் கிடையாது. பயந்தவளுக்கு வேண்டியது வர்ணனையா? வாக்குறுதி.

சொல்லி முடித்தேன். நண்பர் டீயைக் கீழே வைத்தார்.

"அவளும் அதையேதான் சார் பயப்படறா. எங்க வீட்ல நான் இன்னும் சொல்லலை."

வீட்டில் சொல்லாமலே பத்திரிகைக்குப் பாட்டு தேடும் மாப்பிள்ளையை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாட்டை எழுதிக் கொடுத்துச் சொன்னேன்:

"இரண்டாவது வரியில அப்பா வர்றார் பாருங்க. அங்கேருந்து ஆரம்பிங்க!"