பெருங்களத்தூரில் பிறந்த கார்

தாம்பரத்தைத் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் வண்டலூர்ப் பக்கம் போகிறவர்கள், பெருங்களத்தூரில் ஒரு பெரிய ஐடி வளாகத்தையும் அதை ஒட்டி எழும்பிய அடுக்குமாடி வீடுகளையும் பார்க்கிறார்கள். அதே மண்ணில் முன்பு கார் செய்தார்கள். ஐம்பது வயதைக் கடந்த ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு அந்த வழியாக ஓடும்போது, அது தன் தாய்வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அன்று

1948இல் சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் கைகோத்து, ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கின. முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென், 1961இல் ஹெரால்டு. அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு. அந்தக் காலத்தில் கார் வாங்க நினைத்த குடும்பத்துக்கு இந்த மூன்றுதான்.

ஹெரால்டை வரைந்தவர் இத்தாலியின் ஜியோவன்னி மிக்கெலோட்டி. என்ஜின் 948 சிசி. 40 குதிரைத்திறனைக்கூடத் தொடாது. அதே பத்தாண்டில் அமெரிக்காவில் மஸ்டாங் போன்ற கார்கள் நாலு லிட்டருக்கு மேற்பட்ட வி8 என்ஜின்களோடு உறுமிக்கொண்டிருந்தன. ஹெரால்டின் பலம் வேறு. ஏறக்குறைய 25 அடி அகலத்துக்குள் முழுவட்டம் திரும்பிவிடும். பானெட்டும் இரண்டு மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து என்ஜினில் கை வைக்கலாம். பழுது பார்ப்பவரையும் நினைத்துச் செய்த வண்டி அது. சோழவரம் ஓடுதளத்தில் பந்தயத்துக்கும் அதைக் கொண்டுபோனார்கள்.

அன்று உதிரிபாகம் என்பது ஊருக்குள்ளேயே பிறந்தது. பிஸ்டன் என்றால் செம்பியத்தில் 1949இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ். டைனமோ, செல்ஃப் மோட்டார் என்றால் பாடியில் 1961இல் வந்த லூகாஸ் டிவிஎஸ். பிரேக் என்றால் அடுத்த ஆண்டு அதே பாடியில் வந்த பிரேக்ஸ் இந்தியா. வாங்குவதற்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகள்.

ஆனாலும் புதுச் சாமான் வாங்குவது கடைசி வழிதான். டைனமோ எரிந்தால் காயில் கட்டுவார்கள். சிலிண்டர் தேய்ந்தால் போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். ரேடியேட்டர் ஒழுகினால் ஈயப்பற்று. புஷ் ஆடினால் லேத்தில் பித்தளையைக் கடைந்து புதிதாக ஒன்று. முன்சக்கரத்தைத் தாங்கும் டிரனியனுக்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும் என்பது ஹெரால்டு தெரிந்த கைக்கு அரிச்சுவடி. கிரீஸ் அடித்தால் மரை காய்ந்து துருவேறி, ஒருநாள் சக்கரமே மடங்கிவிடும். காசும் சாமானும் அரிதாக இருந்த காலம், கைக்கு வேலை கற்றுக்கொடுத்தது.

வண்டியும் இந்த மண்ணுக்கேற்ப மாறியது. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். குடும்பம் குடும்பமாக ஏறும் நம் ஊருக்காகப் பெருங்களத்தூரில் நாலு கதவு வைத்தார்கள். ஹெரால்டுக்கு அடுத்து 1972இல் வந்த கெசல் காரில், தனித்தனியே ஏறி இறங்கிய பின்சக்கரங்களை மாற்றி, பாரத்துக்கும் பள்ளத்துக்கும் ஈடுகொடுக்கும் ஒரே கட்டை ஆக்சிலைப் போட்டார்கள்.

கெசல் 70களின் பிற்பகுதியில் நின்றது. 1985இல் ரோவர் எஸ்டி1 உடம்பில், பழைய வேன்கார்டு வழிவந்த என்ஜினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 வந்தது. 1988இல் அதுவும் நின்றது. மாருதி ஓடத் தொடங்கிய தெருவில் ஹெரால்டுக்கு மதிப்பில்லை. எத்தனையோ வண்டிகளைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டோம்.

2006இல் தொழிற்சாலையின் சொத்துகள் நீதிமன்ற உத்தரவின்படி ஏலத்துக்கு வந்தன. மிச்சமிருந்த எஸ்டி1 உதிரிபாகங்களை வாங்கியது இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ். பெருங்களத்தூர்க் கிடங்கில் நாம் மறந்துபோட்ட சாமான்களை அங்கே தங்கள் பழைய கார்களைக் காக்க எடுத்துப் போனார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

இன்று

இன்று ஒரு ஹெரால்டை மீட்க நினைப்பவருக்கு டிரனியன், கேஸ்கெட், ரப்பர் பீடிங் கிடைப்பது கடினமில்லை. அதே பாகங்கள் கொண்ட டிரையம்ப் ஹெரால்டை இங்கிலாந்தில் இன்னும் பலர் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்காகப் புதிதாகவே செய்கிறார்கள். பணம் கட்டினால் பார்சலில் வரும்.

வராதது நம் ஊரில் மட்டும் செய்தது. நாலு கதவு வண்டியின் பின்கதவு எந்த வெளிநாட்டு அட்டவணையிலும் இல்லை. கெசலின் முன்கிரில்லும் அப்படித்தான். மஸ்டாங் வைத்திருப்பவர் 60களின் உடற்கூட்டையே புதிதாக வாங்கிவிடலாம். பெருங்களத்தூர்க் கதவை இன்னொரு பெருங்களத்தூர் வண்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்காகப் புதுப்பேட்டைச் சந்துகளிலும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

கிடைத்த கதவு பெரும்பாலும் அடிப்பக்கம் துருப்பிடித்துத்தான் இருக்கும். அதைத் தூக்கிப்போடாமல் காப்பதுதான் கலை. பெயின்ட்டைச் சுரண்டி, செத்த தகட்டை மட்டும் வெட்டி, அதே கனத்தில் புதுத் தகட்டை, தகட்டு வேலை செய்யும் டிங்கர் அடித்து வளைக்கிறார். பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்து ஆறவிடுகிறார்; ஒரேயடியாகச் சூடேற்றினால் தகடு நெளியும். அவசரக்காரர் பள்ளத்தைப் பட்டியால் நிரப்பிவிடுவார். இரண்டு மழைக்காலத்தில் துரு மறுபடி எட்டிப்பார்க்கும்.

பம்பருக்கு முலாம் பூசுவதிலும் இதே பொறுமை வேண்டும். பழைய முலாமை நீக்கி, ஒடுக்கெடுத்து, செம்பு, அதன்மேல் நிக்கல், கடைசியில் மெல்லிய குரோமியம். கண்ணுக்குத் தெரிவது குரோமியம். துருவைத் தடுப்பது அடியில் இருக்கும் நிக்கல். மினுக்கத்துக்கு ஆசைப்பட்டு அளவுமீறித் தேய்த்தால், அச்சில் அழுத்தியபோது வந்த கூர்விளிம்பு மழுங்கிப்போகும். பிறகு பாகம் பளபளக்கும், முகம் மாறிவிடும்.

சட்டமும் இன்று இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டைக் கடந்து, சேசிஸ், பாடி, என்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜ் எனப் பதியலாம். எண்பலகையில் மாநில எழுத்துக்குப் பின் ‘விஏ’ வரும். பதிவு 10 ஆண்டு செல்லும். அன்று வேறு வழியில்லாமல் செய்த பழுதுபார்ப்பு, இன்று மரபைக் காக்கும் வேலை.

ஆனால் செய்கிற கை குறைந்துவருகிறது. தாம்பரம் பட்டறைகளில் இன்று ஸ்கேனரைச் செருகி, பழுதான பாகத்தை மொத்தமாகக் கழற்றிப் புதியதை மாட்டுகிறார்கள். இன்றைய வண்டி அதைத்தான் கேட்கிறது, குறைசொல்ல ஒன்றுமில்லை. தகட்டைத் தட்டும்போது எழும் ஓசையிலேயே அதன் கனத்தைச் சொல்லும் டிங்கருக்கு மட்டும், பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள ஆளில்லை.

பெருங்களத்தூருக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, குரோம்பேட்டையில் எம்ஐடி இருக்கிறது. 1949இல் சி. ராஜம் தொடங்கியபோதே ஆட்டோமொபைல் பொறியியலைப் பாடமாக வைத்த கல்லூரி. மிச்சமிருக்கும் நாலு கதவு ஹெரால்டு ஒன்றை அங்கே நிறுத்தி, ஒவ்வொரு தகட்டின் வளைவையும் மாணவர்கள் அளந்து வரைந்து வைக்கலாம். பக்கத்தில் ஒரு மூத்த டிங்கரை ஆசிரியராக உட்காரவைக்கலாம். அளவு அவர்கள் தருவது, அடி அவர் தருவது. இரண்டும் சேர்ந்தால் பெருங்களத்தூர்க் கதவை மறுபடி இங்கேயே செய்யலாம். தொழிற்சாலை போனது போனதுதான். அது கற்றுக்கொடுத்த கை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அது ஓயும் முன் அதனிடம் கேட்டுக்கொள்வோம்.