குதிகால் வலியும் வலிக்காத காலும்



காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி எடுத்து வைக்கும்போது குதிகாலில் முள் தைத்தது போன்ற வலி. நாலு அடி நடந்தால் சற்றுக் குறைகிறது. மத்தியானம் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் அதே வலி. எங்கள் வெளிநோயாளர் பிரிவில் இதைக் கேளாத நாள் இல்லை. ஓடியாடி உழைக்கிறவர்களே இதை அதிகம் சொல்லுகிறார்கள்: நாள் முழுவதும் கரும்பலகை முன் நிற்கும் ஆசிரியைகள், கிராமம் கிராமமாய் நடக்கும் ஊழியக்காரர், வார்டில் இரவு பணி செய்யும் எங்கள் செவிலியர் சகோதரிகள். ஆகவே இந்த இதழில் கால்களைப் பற்றி எழுதுகிறோம்.

ஊரில் இதைக் குதிகால் வாதம் என்பார்கள். உண்மையில் இது வாதமும் அல்ல, வாயுவும் அல்ல. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. வில்லுக்கு நாண் எப்படியோ, உள்ளங்காலின் வளைவுக்கு இந்தப் பட்டை அப்படி. நெடுநேரம் நிற்பது, உடல் எடை கூடுவது, திடீரென்று அதிகம் நடக்கத் தொடங்குவது, கெண்டைக்கால் தசை இறுகியிருப்பது ஆகியவற்றால் அது குதிகாலோடு சேரும் இடத்தில் நைந்துபோகிறது. இரவில் பாதம் தளர்ந்து கிடக்கையில் பட்டை சுருங்குகிறது. காலையில் முதல் அடியில் சடாரென்று இழுபடுகிறது. முதல் அடி அவ்வளவு வலிப்பது இதனால்தான்.

எக்ஸ்ரே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “எலும்பு வளர்ந்திருக்கிறதாம், ஆபரேஷன் பண்ண வேண்டுமா?” என்று கலங்கி வருகிறவர்கள் உண்டு. அந்தச் சிறு எலும்பு முனை வலியே இல்லாத பலருடைய காலிலும் இருக்கிறது. அதற்காகப் பயப்பட வேண்டாம். பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே, ஒரு வருடத்துக்குள் இந்த வலி தீர்ந்துவிடுகிறது. வேண்டியதெல்லாம் பொறுமை. எங்களிடம் வருகிறவர்கள் ஊசி கேட்கிறார்கள். நாங்கள் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறோம். அந்த ஏமாற்றம் அவர்கள் முகத்தில் தெரியத்தான் செய்கிறது! குதிகாலில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் அந்தப் பட்டையே அறுந்துபோகக்கூடும்.

பயிற்சி எளியது. காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன், வலிக்கும் காலை மற்றக் காலின் முழங்கால் மேல் வைத்து, விரல்களைக் கையால் பிடித்து முழந்தாள் பக்கமாக வளைத்துப் பத்து எண்ணும்வரை பிடியுங்கள். இப்படிப் பத்து முறை. பிறகு சுவரில் இரு கைகளையும் ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னே வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முன்னே சாயுங்கள். கெண்டைக்கால் இழுபடுவது தெரியும். அரை நிமிடம், மூன்று தடவை. இதை மாலையிலும் செய்யலாம்.

அடுத்தது செருப்பு. அடி தேய்ந்து தகடாகிப்போன ரப்பர் செருப்பைத் தூக்கி எறியுங்கள். குதிகாலுக்கு மெத்தென்றும் நடுப்பாதத்துக்குத் தாங்கலாகவும் உள்ளதை வாங்குங்கள். பாதம் சற்று உப்பியிருக்கும் சாயங்காலத்தில் அளவு பார்ப்பது நல்லது. சிமெண்டுத் தரையிலும் மொசைக் தரையிலும் வெறுங்காலோடு நடப்பதுதான் வலியைக் கூட்டுகிறது. வீட்டுக்குள் செருப்பு அணிவது நம்மில் பலருக்கு மனம் ஒவ்வாது. வீட்டுக்கென்றே தனி ஜோடி வைத்துக்கொள்ளலாம். ஆலயத்துக்குள் செருப்பில்லாமல் போகும் சபைகளில், வலியுள்ளவர்கள் உட்கார்ந்து பாடினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகும் வாலிபருக்கு வேறு ஓர் ஆபத்து உண்டு. தேர்வு நெருங்குகையில் ஓட்டத்தை ஒரேயடியாகக் கூட்டுவார்கள். புறங்காலில் ஓரிடத்தில் விரல் வைத்து அழுத்தினால் சுருக்கென்று வலிக்கும், ஓடினால் கூடும். அது எலும்பில் விழுந்த மெல்லிய கீறலாயிருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரங்கள் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். “படம் நன்றாயிருக்கிறதே” என்று தொடர்ந்து ஓடினால் எலும்பு முறியும். ஏறக்குறைய ஆறு வாரம் ஓட்டத்தை நிறுத்துவதே மருந்து.

இதுவரை எழுதியது வலிக்கும் கால்களைப் பற்றி. எங்களுக்கு அதிகக் கவலை தருவது வலிக்காத கால்தான்.

1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் இதை உலகத்துக்கு விளங்கப்பண்ணினார். தொழுநோயாளரின் சதை தானாக அழுகி விழுகிறது என்று எண்ணப்பட்ட காலம் அது. உணர்ச்சி இழந்த பாதத்தில், தெரியாமலே படுகிற காயங்களும் ஓயாத அழுத்தமும்தான் அந்தப் புண்களுக்குக் காரணம் என்று அவர் காட்டினார். வேலூரிலும், 1955-இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும் நடந்த அந்த வேலையின் பலனாகவே எம்.சி.ஆர். என்னும் மிருதுவான ரப்பர் செருப்பு பரவியது. இன்று அதே செருப்பு சர்க்கரை நோயாளிகளின் கால்களையும் காக்கிறது.

சர்க்கரை நோய் பல வருடம் நீடித்தால் பாதம் மரத்துப்போகலாம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையொன்றால் உள்ளங்காலைத் தொட்டு, கண்ணை மூடியிருக்கும் நோயாளியிடம் “தெரிகிறதா?” என்று கேட்கிறோம். தெரியவில்லை என்றால் அன்று முதல் அவருக்குச் சட்டங்கள் வேறு. வெந்நீரில் காலை வைக்கக் கூடாது. கால் ஆணியைப் பிளேடால் சீவக் கூடாது. கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரியும் ஆகாது, அதிலுள்ள அமிலம் தோலைப் பொசுக்கிவிடும். சேற்றுப்புண்ணையும் பித்தவெடிப்பையும் அற்பமாக எண்ணாமல் உடனே காட்ட வேண்டும். செருப்புக்குப் பின்வார் அவசியம். காலிலிருந்து கழன்று விழுந்தாலும் அவருக்குத் தெரியாதே.

எங்களிடம் வந்த விவசாயி ஒருவர் செருப்பைக் கழற்றியபோது அதன் அடியில் ஓர் ஆணி ஏறியிருந்தது. இரண்டு நாளாக அதோடு நடந்திருக்கிறார். வயலில் வரப்பு வெட்டியிருக்கிறார். ஞாயிறு ஆராதனைக்கும் போயிருக்கிறார். வலியில்லை. நாற்றம் வந்த பிறகே அவர் மனைவி அழைத்துவந்தார். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கர்த்தருடைய கிருபையால் கால் தப்பியது.

நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு எங்கள் காலணிப் பட்டறைக்குப் போகிறது. அங்கே அவருடைய பாதத்தைக் காகிதத்தில் வரைந்து, ஆணி ஒன்றுகூட அடிக்காமல், பசையும் தையலும் கொண்டு செருப்பு செய்து கொடுத்தோம். தேயத் தேய மாற்ற வேண்டும். இப்போது இரவு ஜெபத்துக்கு முன் அவர் மனைவி டார்ச் விளக்கைப் பிடித்து இரண்டு உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் பார்க்கிறார். போன தடவை வந்தபோது இடது பெருவிரலுக்குக் கீழே தோல் தடித்திருந்தது. அதைச் சீவி, செருப்பின் அந்த இடத்தைப் பள்ளமாக்கிக் கொடுத்திருக்கிறோம். அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.